முதல் ப்ராடக்ட் மேனேஜரை வெளியிலிருந்து எடுப்பதா, உள்ளேயே வளர்ப்பதா?

தரமணிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு சின்ன சாஸ் (SaaS, இணையம் வழியே சந்தாவுக்கு மென்பொருள் தரும்) கம்பெனி நடத்துகிறேன். க்ளினிக்குகளுக்கும் சிறிய ஆஸ்பத்திரிகளுக்கும் பில்லிங், அப்பாயின்ட்மென்ட், மருந்து ஸ்டாக் பார்க்கும் மென்பொருள் எங்களுடையது. டெவலப்பர்கள் முப்பது பேர் வரை இருக்கிறார்கள். அடுத்து எதைக் கட்டுவது என்பதை இதுவரை நானும் என் பார்ட்னரும்தான் சொல்லி வந்தோம். இனி அது நடக்காது போலிருக்கிறது. சேல்ஸ்காரர்கள் ஒரு டீலை முடிப்பதற்காகப் புது வசதி கேட்கிறார்கள். சப்போர்ட் டீம் பழைய குறைகளை முதலில் சரி செய்யச் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் டெவலப்பர்கள் நடுவில் நிற்கிறார்கள்.

அதனால் எதைக் கட்டுவது என்று முடிவு செய்ய ஒரு ப்ராடக்ட் மேனேஜர் (பிஎம்) வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு பேர் மனதில் இருக்கிறார்கள். ஒருவர் எம்பிஏ படித்தவர், பெரிய கம்பெனியில் பிஎம்மாக இருந்தவர், தெளிவாகப் பேசுகிறார். இன்னொருவர் எங்கள் சப்போர்ட் டீமிலேயே பல வருடமாக இருக்கும் ஒரு பெண். எந்த க்ளினிக்கில் எந்த ரிசப்ஷனிஸ்ட் எந்தத் திரையில் மாட்டிக்கொள்வார் என்பது வரை அவருக்கு அத்துப்படி. "அவருக்கு ஸ்ட்ராட்டஜி வராது" என்கிறார் என் பார்ட்னர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் அவருக்குச் சரியான பதில் சொல்லவும் தெரியவில்லை. இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள்.

பெருங்குடி_பிஎம்:

ஆளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. வருகிறவர் எந்தெந்த முடிவுகளை உங்களைக் கேட்காமலே எடுக்கலாம்? அதை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா?

நிறுவனரே முன்னின்று நடத்தும் கம்பெனிகளில் முதல் பிஎம் சீக்கிரமே கிளம்பிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். திறமை குறைவால் போனவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் கையில் எந்த முடிவும் இருக்கவில்லை. பிஎம் ரோட்மேப் (எதை எப்போது கட்டுவது என்ற திட்டம்) போடுவார். நிறுவனர் ஒரு கஸ்டமரோடு சாப்பிட்டுவிட்டு வந்து அதை மாற்றுவார். டெவலப்பர்கள் இதையெல்லாம் கவனிப்பார்கள். இரண்டு முறை அப்படி நடந்தால், அடுத்த முறை பிஎம்மைத் தாண்டி நேரே நிறுவனரிடம் போய்விடுவார்கள். அப்புறம் அந்த மனிதருக்கு மிஞ்சுவது மீட்டிங் குறிப்பு எழுதுவதும் டிக்கெட்டுக்கு (பதிவாகும் புகார் அல்லது வேலைக்கு) தேதி போடுவதும்தான்.

இந்த வேலை எப்படிப் பிறந்தது என்று பார்த்தாலும் பொறுப்பு என்ற ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கும். 1931 மே மாதம், ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், கூடுதல் ஆள் கேட்டு மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். அதே கம்பெனியின் ஐவரி சோப்போடும் கேமே போட்டி போட வேண்டியிருந்தது. கேமேவை மட்டுமே முழுதாகப் பார்க்க ஆள் வேண்டும், எந்த ஊரில் விற்கிறது, எங்கே விற்கவில்லை என்று அவர் போய்ப் பார்க்க வேண்டும், காரணத்தைக் கண்டுபிடித்துத் திட்டம் போட வேண்டும், அதன் விளைவுக்கு அவரே பதில் சொல்ல வேண்டும் என்பது குறிப்பின் சாரம். பிராண்ட் மேனேஜர் என்ற பதவி அங்கிருந்து வந்தது. பிற்பாடு மென்பொருள் கம்பெனிகள் எடுத்துக்கொண்டதும் இதே யோசனையைத்தான். கணக்கு மென்பொருள் கம்பெனியான இன்டூயிட்டை 1983-இல் தொடங்கிய ஸ்காட் குக்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் வேலை பார்த்தவர்.

ஆகவே முதலில் அந்தத் தாளை எழுதுங்கள். அது காலியாக இருந்தால் யாரை எடுத்தாலும் வீண்.

சியாட்டில்வாசி:

அந்தத் தாள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் வெளியாள் பக்கம்தான் பேசுவேன். காரணத்தைச் சொல்கிறேன்.

உள்ளே வளர்ப்பது என்றதும் எல்லோரும் கூகுளின் ஏபிஎம் (அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர்) திட்டத்தைக் காட்டுவார்கள். 2002-இல் மரிஸா மேயர் தொடங்கியது. பிஎம் வேலைக்கு அனுபவசாலிகளைத் தேடி அலைவதை விட, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து அப்போதுதான் வெளியே வந்தவர்களை எடுத்து வளர்த்துவிடலாம் என்பது அவர் போட்ட பந்தயம். முதல் ஏபிஎம்மான ப்ரையன் ரகோவ்ஸ்கி ஜிமெயிலில் வேலை செய்தார், பிற்பாடு குரோமைப் பார்த்தார். பந்தயம் ஜெயித்தது, உண்மைதான். ஆனால் எதனால்? ஒரு வருடம் ஒரு ப்ராடக்ட், அடுத்த வருடம் இன்னொன்று என்று மாற்றிக் கொடுக்க அங்கே ப்ராடக்ட்டுகள் இருந்தன. பக்கத்திலேயே உலகத்தரமான இன்ஜினியர்கள் இருந்தார்கள். மேயரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஃபேஸ்புக் தொடங்கிய ஆர்பிஎம் (டீம் மாற்றி மாற்றிப் பழக்கும் ரொடேஷனல் ப்ராடக்ட் மேனேஜர்) திட்டமும் அப்படித்தான் இருந்தது: ஆறு ஆறு மாதமாக மூன்று டீம்கள், ஒவ்வொன்றிலும் வழிகாட்ட ஒருவர்.

தரமணி நண்பரின் கம்பெனியில் இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது யார்? நிறுவனர்கள் இருவரும் பிஎம் வேலையைத் தனி வேலையாகச் செய்து பழகியவர்கள் இல்லை. கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் ஒருவரை நட்டாற்றில் விடுவது அவருக்கும் நல்லதில்லை, கம்பெனிக்கும் நல்லதில்லை. முதல் ஆள் அனுபவசாலியாக இருக்கட்டும். இரண்டாவது ஆளை அவர் வளர்க்கட்டும்.

பழைய_டெவலப்பர்:

எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். முப்பது டெவலப்பர்களுக்கு பிஎம் எதற்கு? சீனியர் டெவலப்பர் இரண்டு பேரை மாதம் ஒருமுறை க்ளினிக்குக்கு அனுப்புங்கள். பாதி குழப்பம் தீர்ந்துவிடும். 2023-இல் ஏர்பிஎன்பி நிறுவனர் ப்ரையன் செஸ்கி, பழைய மாதிரியான ப்ராடக்ட் மேனேஜர் வேலையையே எடுத்துவிட்டோம் என்று டிசைன் மென்பொருள் கம்பெனியான ஃபிக்மாவின் மாநாட்டில் சொன்னபோது டிசைனர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் வருடக்கணக்கான வலி இருக்கிறது.

நான் கூட வேலை செய்த பிஎம்களில் பலர், நான் எழுதிய நிரல் எதற்கு என்று ஒருமுறை கூட விளக்கியதில்லை. "கஸ்டமர் கேட்கிறார்" என்ற ஒரு வரி. எந்தக் கஸ்டமர், எதைச் செய்யும்போது கேட்டார், இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டால் பதில் இருக்காது. இதற்கு நடுவில் ஓர் ஆள் தேவையா?

பெருங்குடி_பிஎம்:

பழைய_டெவலப்பர் சொல்லும் வலி நிஜம். டெவலப்பர்களை க்ளினிக்குக்கு அனுப்புவது பிஎம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான். ஆனால் ஏர்பிஎன்பியில் அந்த வேலை மறைந்துவிடவில்லை. அதை ப்ராடக்ட் மார்க்கெட்டிங்கோடு சேர்த்தார்கள். எதைக் கட்டுவது என்ற முடிவுகளை நிறுவனரே நேரடியாக உட்கார்ந்து பார்க்கிறார். நம் நண்பர் இந்த இழையைத் தொடங்கியதே தன்னால் அப்படி உட்கார முடியவில்லை என்பதால்தானே.

நீங்கள் பார்த்த பிஎம்கள் அப்படி ஆனதற்கு நம் ஊரில் இரண்டு தனிக் காரணங்கள் இருக்கின்றன என்பது என் எண்ணம். ஒன்று, சர்வீசஸ் கம்பெனி (மற்றவர்களுக்காக மென்பொருள் எழுதித் தரும் கம்பெனி) பழக்கம். அங்கே கஸ்டமர் என்ன வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வருவார். பிசினஸ் அனலிஸ்ட் அதைத் தெளிவாக எழுதி வாங்குவார். அது மதிப்பான வேலை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே ஆளை ப்ராடக்ட் கம்பெனிக்குக் கொண்டுவந்து விசிட்டிங் கார்டை மட்டும் மாற்றினால், அவர் எழுதித் தர யாராவது சொல்ல வேண்டுமே என்று காத்திருப்பார். இரண்டாவது, வெளிநாட்டுக் கம்பெனிகளின் இங்குள்ள கிளைகள். ரோட்மேப் அமெரிக்காவில் முடிவாகிறது. இங்கே இருப்பவருக்கு பிஎம் என்று பெயர், வேலை தேதி தவறாமல் முடித்துக் கொடுப்பது. பல வருடம் அப்படி இருந்தவரிடம் "எதைக் கட்டக்கூடாது?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த முடிவு அவர் மேசைக்கு வந்ததே இல்லை என்பது தெரியும்.

தரமணி நண்பரே, உங்கள் எம்பிஏ நண்பர் பெரிய கம்பெனியில் என்ன முடிவு எடுத்தார் என்று கேட்டீர்களா? கம்பெனியின் பெயரை வைத்து எடை போடாதீர்கள்.

தரமணிக்காரன்:

கேட்கவில்லை. "எங்கள் டீம் இதைச் செய்தது" என்று நிறையச் சொன்னார். அதில் அவர் பங்கு எது என்று நாங்கள் தோண்டவில்லை. அடுத்த சந்திப்பில் கேட்கிறேன்.

தாளை எழுதிப் பார்த்தேன். முதல் சுற்றில் ஒன்றுமே தேறவில்லை. எல்லா வரியிலும் "எங்களோடு பேசி" என்று வந்து விழுகிறது. நாளை பார்ட்னரோடு உட்கார்ந்து திரும்ப எழுதுகிறோம்.

டிக்கெட்_மேசை:

நான் சப்போர்ட்டிலிருந்து பிஎம் ஆனவள், இப்போது ஒரு டீமை நடத்துகிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

சப்போர்ட்டிலிருந்து வருகிறவரிடம் என்ன இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். என்ன இருக்காது என்று சொல்கிறேன். சப்போர்ட்டுக்குப் போன் செய்கிறவர்களை மட்டும்தான் அவர் அறிவார். போன் செய்யாமலே விட்டுப் போனவர்கள், டெமோ பார்த்துவிட்டு வாங்காதவர்கள், பேப்பர் நோட்டிலேயே காலம் தள்ளும் க்ளினிக்குகள், இவர்கள் யாரும் டிக்கெட் போட மாட்டார்கள். ஒரு ப்ராடக்ட் வளருமா தேயுமா என்பது பெரும்பாலும் இந்த மௌனமான கூட்டத்தின் கையில் இருக்கிறது. உங்கள் பார்ட்னர் "ஸ்ட்ராட்டஜி" என்று சொல்வதில் முக்கால்வாசி இதுதான் என்று நினைக்கிறேன். இதைக் கற்றுக்கொடுக்க முடியும். முதல் மாதத்தில் டிக்கெட் மேசைப் பக்கமே போக விடாமல், விட்டுப் போன கஸ்டமர்களையும் வாங்காதவர்களையும் மட்டும் சந்திக்கச் சொல்லுங்கள். அவர் பார்வை விரிவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அடுத்தது, முடியாது என்று சொல்வது. சப்போர்ட்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு டிக்கெட்டும் ஒரு முகம், ஒரு குரல். அந்தக் குரலிடம் "இந்த வருடம் இதைச் செய்யப் போவதில்லை" என்று சொல்லப் பழக வேண்டும். அதற்கு எண்கள் துணை நிற்கும். டேட்டாபேஸில் தகவல் தேடும் மொழியான எஸ்க்யூஎல் கற்றுக்கொடுங்கள். தானே டேட்டாபேஸில் கேள்வி கேட்டு எத்தனை க்ளினிக்குகளுக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர் யார் தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கடைசியாக, யாரும் வெளியே சொல்லாத விஷயம் ஒன்று. பல கம்பெனிகளில் சப்போர்ட் என்றால் டெவலப்பர்களுக்கு ஒரு படி கீழே. நேற்று வரை "சீக்கிரம் சரி பண்ணிக் கொடுங்க ப்ளீஸ்" என்று கெஞ்சியவர் இன்று "இது வேண்டாம், அது முதலில்" என்றால் அந்தச் சொல் எடுபடாது. பெண்ணாக இருந்தால் மீட்டிங்கில் குறிப்பு எழுதும் வேலை தானாக அவர் தலையில் விழும். இதை அவரால் மாற்ற முடியாது. நீங்கள் எல்லோர் முன்னாலும் நின்று "இந்த விஷயத்தில் முடிவு இவருடையது" என்று சொல்ல வேண்டும். அவர் எடுத்த முதல் முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும் அதை மாற்றக் கூடாது. சம்பளமும் பிஎம் சம்பளமாக இருக்க வேண்டும். உள்ளே இருந்து வந்தவர் என்பதற்காக பழைய சம்பளத்தில் கொஞ்சம் மட்டும் கூட்டித் தருவது நம் ஊரில் சகஜம், ரொம்பத் தவறான பழக்கம்.

பெருங்குடி_பிஎம்:

இந்தப் பதிலை உங்கள் பார்ட்னருக்கு அப்படியே அனுப்புங்கள். கூடவே ஒரு உதாரணமும். கஸ்டமர் சப்போர்ட் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க்கை 2010-இல் தொடங்கி, ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021-இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக் வரை கொண்டு போன கிரீஷ் மாத்ருபூதம், இன்று ஸோஹோ என்று அழைக்கப்படும் அட்வென்ட்நெட்டில் ப்ரீசேல்ஸ் இன்ஜினியராகச் சேர்ந்தவர். கஸ்டமருக்கு டெமோ காட்டி, அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை. அங்கிருந்து ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் துணைத் தலைவராக உயர்ந்தார். கஸ்டமருக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு ஸ்ட்ராட்டஜி வராது என்று சென்னையில் இருந்துகொண்டு சொல்வது நியாயமில்லை.

சியாட்டில்வாசி:

நல்ல உதாரணம்தான். ஆனால் அவரைச் சுற்றி ப்ராடக்ட் கட்டத் தெரிந்த கம்பெனி ஒன்று ஏற்கெனவே இருந்தது. சொல்லிக்கொடுப்பவர் யார் என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆள்சேர்ப்பு:

ப்ராடக்ட் கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தருவது என் தொழில். நீங்கள் இருவரில் யார் என்று இங்கே வாதாடுவதை விட, இரண்டு பேருக்கும் ஒரே தேர்வை வையுங்கள். எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பிஎம் இன்டர்வியூ அளவுக்கு மோசமாக நடத்தப்படும் இன்டர்வியூ வேறு இல்லை.

முதலில் எதை விட வேண்டும்? "சென்னையில் எத்தனை பெட்ரோல் பங்க் இருக்கும்?" மாதிரியான கேள்விகளை. இந்தப் பழக்கத்தைப் பிரபலமாக்கியதில் கூகுளுக்கும் பங்கு உண்டு. அங்கே ஆள்சேர்ப்புக்குத் தலைமை தாங்கிய லாஸ்லோ பாக்கே, இந்தப் புதிர்க் கேள்விகளால் எந்தப் பயனும் இல்லை, கேட்கிறவர் தன்னை புத்திசாலியாக உணர்வதற்குத்தான் உதவுகிறது என்று 2013-இல் பேட்டியில் சொல்லிவிட்டார். இன்னும் இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "உங்களுக்குப் பிடித்த ஆப் எது, அதை எப்படி மேம்படுத்துவீர்கள்?" என்ற கேள்விக்கும் இப்போது கோச்சிங் வகுப்பில் பதில் தயாராகிறது. மனப்பாடத்தைத்தான் அளக்கிறீர்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகள் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் பால் சாக்கெட்டும் மற்றவர்களும் 2022-இல் திரும்பக் கணக்கிட்டபோது முதலிடத்தில் வந்தது ஒழுங்கமைத்த இன்டர்வியூ. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், எது நல்ல பதில் என்று முன்கூட்டியே எழுதி வைத்த அளவுகோல், ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போடுவது. கேட்க எளிது. ஆனால் நிறுவனர்களுக்கு இது பிடிப்பதில்லை. பேசிப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும் என்று நம்புகிறார்கள்.

கேள்விகளில் எனக்குப் பிடித்தவை: நீங்கள் நிறுத்தச் சொன்ன ஒரு வேலையைச் சொல்லுங்கள், அதை யார் எதிர்த்தார்கள்? வெளியிட்ட பிறகு யாருமே பயன்படுத்தாத ஒரு வசதியைச் சொல்லுங்கள், எப்போது தெரிந்தது, அப்புறம் என்ன செய்தீர்கள்? டெவலப்பர் ஒருவர் உங்களை மறுத்துப் பேசியதால் நீங்கள் முடிவை மாற்றிய சந்தர்ப்பம் எது? பதிலில் "நாங்கள்" என்று வந்தால் நிறுத்தி "அதில் நீங்கள்?" என்று கேளுங்கள். விரட்டுகிற தொனியில் வேண்டாம், ஆர்வத்தோடு கேளுங்கள்.

அடுத்தது, நிஜ வேலையின் ஒரு மாதிரியைச் செய்து காட்டச் சொல்வது. உங்கள் டிக்கெட்டுகளில் நாற்பதை எடுங்கள். நோயாளி பெயர், போன் நம்பர், மருந்துச் சீட்டு விவரம் எதுவும் இல்லாமல் கவனமாக நீக்கிவிடுங்கள். மருத்துவத் தகவல், விளையாட்டில்லை. கூடவே பயன்பாட்டு எண்கள் ஒரு பக்கம், சேல்ஸ் கேட்கும் வசதிகள் ஒரு பக்கம். இரண்டு மணி நேரம் கொடுத்து, அடுத்த மூன்று மாதத்துக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, ஏன் என்று ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு டெவலப்பரும் சப்போர்ட்டில் ஒருவரும் உட்கார்ந்து அதைக் கேள்வி கேட்கட்டும். நடுவில் ஒரு புதுத் தகவலைப் போடுங்கள்: "இந்த ஒன்பது டிக்கெட்டும் ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை." உடனே தலைகீழாக மாறுகிறாரா, பிடித்த பிடியிலேயே நிற்கிறாரா, யோசித்து எந்தப் பகுதி மாறும் எது மாறாது என்று பிரித்துச் சொல்கிறாரா? இந்த இடத்தில் தெரிகிற அளவுக்கு வேறு எங்கும் பிஎம் தெரிய மாட்டார்.

உள்ளே இருப்பவருக்கு டிக்கெட்டுகள் ஏற்கெனவே தெரியும் என்பதால் அவருக்குச் சாதகம் என்று சொல்வீர்கள். சரிதான். அதனால் அவருக்கு வாங்காமல் போன க்ளினிக்குகளின் டெமோ குறிப்புகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எழுத்தும் பேச்சும் தமிழில் இருக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நம் இன்டர்வியூக்களில் சரளமான ஆங்கிலம் தெளிவான சிந்தனையாகத் தப்பாக எடைபோடப்படுகிறது. நான் பார்த்த தேர்வுகளில் இதனால் ஒதுக்கப்பட்ட நல்லவர்கள் நிறைய.

பழைய_டெவலப்பர்:

நாற்பது டிக்கெட் யோசனை பிடித்திருக்கிறது. அந்தத் தேர்வில் டெவலப்பருக்கும் மதிப்பெண் போடும் உரிமை இருந்தால் எனக்கு பிஎம் மேல் பாதி மரியாதை முதல் நாளே வந்துவிடும். ஆனால் ஓசியில் வேலை வாங்காதீர்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அசைன்மென்ட்டில் வார இறுதி முழுக்கப் போகிறது, பிறகு பதில் கூட வருவதில்லை.

ஆள்சேர்ப்பு:

ஆமாம், அந்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அலுவலகத்திலேயே, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல்.

கோவை_மாணவி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இறுதியாண்டு இன்ஜினியரிங். கல்லூரி முடித்ததும் பிஎம் ஆக வேண்டும் என்று ஆசை. ஏபிஎம் இடங்கள் சில கல்லூரிகளுக்கு மட்டும்தான் என்கிறார்கள். சர்டிஃபிகேட் கோர்ஸ் ஏதாவது சேரலாமா?

டிக்கெட்_மேசை:

கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் யோசிம்மா. ஒரு சிறிய ப்ராடக்ட் கம்பெனியில் சப்போர்ட், ப்ரீசேல்ஸ், டெஸ்டிங், இம்ப்ளிமென்டேஷன் என எதிலாவது சேர். கஸ்டமர் முகம் தெரியும் வேலையாக இருக்கட்டும். சேர்ந்த பிறகு, வரும் புகார்களைத் தொகுத்து மாதம் ஒரு பக்கம் எழுதி டீமுக்கு அனுப்பு. யாரும் கேட்காமலே அனுப்பு. பிஎம் வேலையின் விதை அதில்தான் இருக்கிறது. ஸோஹோ பல வருடங்களாகப் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்சி தருகிறது. நம் ஊர்க் கம்பெனிகள் எல்லாமே கல்லூரிப் பெயரைப் பார்ப்பவை என்று நினைக்காதே.

தரமணிக்காரன்:

தாளைத் திரும்ப எழுதினோம். இப்போது இருப்பது இதுதான்: அப்பாயின்ட்மென்ட் பகுதியில் எதைக் கட்டுவது, எந்த வரிசையில், எதை எடுத்துவிடுவது, எல்லாம் பிஎம் முடிவு. குறைகளைச் சரி செய்யும் வரிசை மொத்த ப்ராடக்ட்டுக்கும் அவர் முடிவு. சேல்ஸ் ஒரு டீலுக்காகப் புது வசதி வாக்குக் கொடுப்பதாக இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். விலையும் பில்லிங் பகுதியும் இப்போதைக்கு எங்களிடம்.

இரண்டு பேருக்கும் தேர்வு வைக்கப் போகிறோம். இப்போது சியாட்டில்வாசியின் கேள்விதான் உறுத்துகிறது. உள்ளே இருப்பவர் தேறினால் யார் வளர்ப்பது?

பெருங்குடி_பிஎம்:

தாள் நன்றாக இருக்கிறது. ஒரு பகுதியை முழுதாகக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்று பகுதியில் கால் கால் பங்கு கொடுப்பதை விட இது எவ்வளவோ மேல்.

வளர்ப்பது பற்றி. அனுபவமுள்ள பிஎம் ஒருவரை முழுநேரமாக எடுக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு மணி நேரம், ஊதியம் கொடுத்து, ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் முடிவு சொல்ல வரக் கூடாது. உங்கள் பிஎம் எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்க வர வேண்டும். பிஎம் வளர்வது எழுத்தில்தான் என்பது என் திடமான நம்பிக்கை. 2004-இல் ஜெஃப் பெசோஸ் அமேசானின் உயர்மட்ட மீட்டிங்குகளில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு முழு வாக்கியங்களில் குறிப்பு எழுதி வரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஸ்லைடில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே இருக்கும் ஓட்டையை மறைத்துவிடலாம். பத்தியாக எழுதும்போது ஓட்டை தெரிந்துவிடும்.

என்ன எழுத வேண்டும்? எந்த ஒரு வசதியையும் கட்டத் தொடங்கும் முன் அரைப் பக்கம்: யாருக்கு இந்தச் சிரமம், இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், இதை வெளியிட்டால் எந்த எண் எவ்வளவு மாறும் என்று எதிர்பார்க்கிறேன், எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்பேன். அந்தத் தேதி வந்ததும் கண்டிப்பாகப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் வெளியிட்ட அன்று கேக் வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியில்தான் ஒருவரின் தீர்மானம் கூர்மையாகிறது. இருபது முறை இப்படித் திரும்பிப் பார்த்தவரை, பத்து வருட அனுபவம் இருந்தும் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்காதவரை விட நான் நம்புவேன். எத்தனை வசதிகளை வெளியிட்டார் என்று மட்டும் எண்ணாதீர்கள். அப்படி எண்ணினால் அவர் எதையும் நிறுத்த மாட்டார்.

நேரில் போய்ப் பார்ப்பதும் முக்கியம். இன்டூயிட்டில் ஆரம்ப காலத்தில், கடையில் அவர்களுடைய வீட்டுக் கணக்கு மென்பொருளான குயிக்கன் வாங்குகிறவரிடம் அனுமதி கேட்டு அவர் வீட்டுக்கே போய், அவர் அதை எப்படி நிறுவிப் பயன்படுத்துகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தார்கள். உங்களுக்கு இது இன்னும் எளிது. க்ளினிக் கவுன்ட்டரில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் நெரியும்போது ஒரு ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். ரிசப்ஷனிஸ்ட் ஒரு கையில் போனும் ஒரு கையில் டோக்கனுமாக இருக்கும்போது உங்கள் திரையில் எத்தனை க்ளிக் தேவைப்படுகிறது என்பது அங்கேதான் தெரியும். கூட ஒரு டெவலப்பரும் போகட்டும்.

அப்புறம், விலை பேசும் மீட்டிங்கில் அவரை உட்கார வையுங்கள். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும், காரணங்கள் அவர் காதில் விழ வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத பிஎம் ஒரு கட்டத்துக்கு மேல் வளர மாட்டார்.

சியாட்டில்வாசி:

வாரம் ஒரு மணி நேர ஆள் என்ற ஏற்பாடு என் கவலையைப் பெருமளவு தீர்க்கிறது. இன்னும் முதல் விருப்பமாக வெளியாளைத்தான் சொல்வேன், ஆனால் தேர்வில் உள்ளே இருப்பவர் சமமாக வந்தால் அவரையே எடுங்கள் என்ற அளவுக்கு இறங்கி வருகிறேன். அமேசானில் பார் ரெய்சர் என்று ஒரு முறை உண்டு. ஆள் தேவைப்படும் டீமுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் இன்டர்வியூவில் உட்காருவார், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இருக்கையை நிரப்பும் அவசரம் அவருக்கு இருக்காது என்பதுதான் அதன் பலன். அந்த வழிகாட்டியையே உங்கள் தேர்வில் அப்படி உட்கார வைக்கலாம்.

டிக்கெட்_மேசை:

எல்லாம் சரி. அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா, இந்த வேலை அவருக்கு வேண்டுமா என்று?

தரமணிக்காரன்:

உங்கள் கேள்வியைப் படித்த அன்றே கேட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்று விஷயம் கேட்டார். தேர்வு வெளியாளுக்கு வைக்கும் அதே தேர்வாக இருக்க வேண்டும், சலுகை என்ற பேச்சு வரக் கூடாது. தேறினால் சப்போர்ட்டில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்த பிறகுதான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கஸ்டமர்கள் அவர் செல்போனுக்கே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு வருடம் கழித்து இந்த வேலை ஒத்துவரவில்லை என்றால் சப்போர்ட்டுக்கே, டீம் லீடாக, சம்பளம் குறையாமல் திரும்பலாம் என்று எழுதித் தர வேண்டும். பார்ட்னர் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "மூன்றுமே நியாயமான நிபந்தனை, இதை யோசிக்கத் தெரிந்தவருக்கு ஸ்ட்ராட்டஜி தெரியும்" என்றார்.

அடுத்த வாரம் தேர்வு. வழிகாட்டியாக ஒருவர் சம்மதித்திருக்கிறார்.

ஆள்சேர்ப்பு:

மூன்றாவது நிபந்தனையை மெயிலில் சொன்னால் போதாது, அப்பாயின்ட்மென்ட் லெட்டரிலேயே வரட்டும். வெளியிலிருந்து வருகிறவருக்கு உள்ளேயிருந்தும் ஒருவர் போட்டியிடுகிறார் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். முடிவு எதுவானாலும் தேர்வு முடிந்த வாரத்திலேயே காரணத்தோடு போனில் சொல்லுங்கள், அவரும் வேறு இடங்களில் பேசிக்கொண்டிருப்பார்.